நனைந்தால் நிற்கும் வண்டி

மழை பெய்தால் என் சைக்கிளில் மோட்டார் ஓடாது. வெயில் அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்வதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அதற்குள் மகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பால் எத்தனையோ தடவை தாமதமாகிவிட்டது.

மகள் மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போக, இனிப் பொறுக்க முடியாது என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். என் உள்ளங்கையில் படுக்க வைத்தால் கால் மட்டும் மணிக்கட்டைத் தாண்டும், அவ்வளவுதான் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். அதோடு விட்டதா? மனைவியின் தையலில் சீழ் வைத்துவிட்டது. சீழ் வைத்த உடம்போடு குழந்தைகள் இருக்கும் வார்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லி, கணபதி என்கிற பகுதியில் இருக்கும் அவள் அம்மா வீட்டில் படுத்திருக்கச் சொன்னார்கள். குழந்தை ஆஸ்பத்திரியில், பெற்றவள் கணபதியில்.

"இப்ப அந்த வயிறு தாய்ப்பாலைத் தவிர வேற எதையும் தாங்காதுங்க. எடுத்துக் கொண்டாந்து குடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி படுத்தபடி பாலைப் பிழிந்து சின்ன பாட்டிலில் எடுப்பாள். நான் ஐஸ் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. கொண்டுபோக என்னை விட்டால் ஆள் இல்லை. மாமனார் இல்லை. மைத்துனன் வெளிநாட்டில். என் அப்பாவும் அம்மாவும் கோபிசெட்டிபாளையத்தில். அப்பாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது.

நானோ போன வருடம் அவினாசி ரோட்டில் லாரி தட்டிவிட்டதில் இடது தொடைக்குள் கம்பி வைத்தவன். கியர் மாற்றும் பைக்கைத் தொடவே கூடாது, காலுக்குப் பயிற்சியும் வேண்டும் என்பதால், மோட்டார் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தேன். நாம் பெடலை மிதித்தால் போதும். மிதிப்பதைத் தெரிந்துகொண்டு மோட்டார் பின்னாலிருந்து தள்ளிவிடும். யாரோ கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடி வருவது போல இருக்கும். அந்தத் தள்ளல் இருக்கும் வரை நான் ராஜா. அது நின்றால் சைக்கிள் இல்லை, அரிசி மூட்டை. பேட்டரியும் மோட்டாருமாக அத்தனை கனம். என் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு அதை மேட்டில் மிதிக்க முடியாது.

ஆட்டோவில் போயிருக்கலாமே என்று இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். மழைக்காலத்துக் காலையில் கணபதியில் ஓர் ஆட்டோ பிடித்துப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும். போனில் வரச் சொன்னால் வருகிறேன் என்று காட்டும், அப்புறம் கேன்சல் ஆகும், மறுபடி வருகிறேன் என்று காட்டும். அந்த நேரத்தில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்.

மனைவி கணபதிக்கு வந்த மறுநாளே அத்தை, அதாவது என் மாமியார், மாரியம்மன் கோவிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு இரண்டு வாங்கி வந்தார். ஒன்றை மகளின் கையில் கட்டினார். இன்னொன்றை என் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்.

"பால் போற வண்டிங்க மாப்ளே. ஊரு கண்ணெல்லாம் இது மேல படும்" என்று சொல்லிக்கொண்டே இடது கைப்பிடியில், வழுக்கி இறங்காமல் இருக்க விரலால் பிடிக்கும் பிரேக் கம்பியோடு சேர்த்துச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டுக் குங்குமமும் வைத்தார். "புள்ள ஊட்டுக்கு வர்ற வரைக்கும் இதை அவுக்கப்படாதுங்க. வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்."

நான் கோவிலுக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு யாராவது வண்டிக்கு வேப்பிலை ஆடை கட்டியிருந்தாலும் பேசாமல் ஓட்டியிருப்பேன்.

முதல் சில நாட்கள் வண்டி நன்றாகவே ஓடியது. அப்புறம் மழை பிடித்தது. ஒரு நாள் காலை, நல்ல தூறலில், மேம்பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால் பின்னாலிருந்து தள்ளுவது நின்றுபோனது. மிதித்தேன். கல்லை மிதிப்பது போல இருந்தது. கைப்பிடியில் இருக்கும் சின்னத் திரையில் விளக்கு எரிகிறது, பேட்டரி நிறைய இருக்கிறது, மோட்டாரின் உதவி உச்சத்தில் இருக்கிறது. எல்லாம் சரி. மோட்டார் மட்டும் செத்துக் கிடந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஒயர்களை ஒவ்வொன்றாக அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது தொடைக்குள் கம்பி இருக்கும் இடம் தீயாக எரிந்தது. சிஸ்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க இவ்வளவு நேரம்? பாப்பாவுக்கு பால் டைம் தாண்டிப்போச்சுங்களே."

வண்டி ரிப்பேர் என்று சொல்ல அவமானமாக இருந்தது. பெற்ற பிள்ளைக்குப் பால் கொண்டுபோகிறவன் சொல்கிற சாக்கா அது!

சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் பாயின் கடை அத்தை வீட்டுத் தெருமுனைதான். சாதா சைக்கிளில் தொடங்கி இப்போது பேட்டரி வண்டிகளும் பார்க்கிறார். வாய் ஓயாமல் பேசுவார், கையும் ஓயாது. சாயங்காலம் மழை விட்டு நல்ல காற்று அடித்தபோது வண்டியைக் கொண்டுபோனேன். ஸ்டாண்டில் தூக்கி மாட்டிப் பெடலைக் கையால் சுற்றினார். பின்சக்கரம் விர்ரென்று பறந்தது.

"நல்லாத்தானுங்களே ஓடுது?"

"காலையில ஓடலைங்க பாய்."

"என்னைக் கண்டா ஒழுங்கா ஓடுது பாருங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவரும் நிறுத்திவிட்டார். பெடல் அச்சுக்குப் பக்கத்தில் காந்தம் பதித்த வட்டம் ஒன்று இருக்கிறது. அது சுற்றுவதை ஒரு சென்சார் பார்த்துத்தான் மோட்டாருக்குச் சொல்லும். அதில் சேறு சேர்ந்திருக்கும் என்று துடைத்தார். ஒயர் மூட்டுகளில் ஈரம் போகாமல் டேப் சுற்றினார். கொடுக்கும்போது இடது கைப்பிடியைக் காட்டிச் சொன்னார்: "சாமி கயிறு கட்டியிருக்கீங்க. அதுமேல கை படாம, எண்ணெய் படாம பக்குவமாப் பாத்திருக்கேனுங்க."

அவருக்கு இருந்த மரியாதை அப்படி. நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மழையில் மறுபடி நின்றது. மறுபடி பாய் கடை. இந்தத் தடவை சென்சாரையே மாற்றினார். ஓடியது. மறுநாள் பனி விழுந்த காலையில் பாதி வழி ஓடிப் பாதி வழி நின்றது. அட கெரகமே என்று நடுரோட்டில் தலையில் அடித்துக்கொண்டேன். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர்தான் கெட்டிருக்கும், கம்பெனிக்கு எழுதிப் போட்டால் வர ஒரு வாரம் ஆகும் என்றார் பாய். ஒரு வாரம்! குழந்தையின் எடை ஒரு நாள் ஏறியது, இரண்டு நாள் இறங்கியது. நான் தாமதமாகப் போன நாட்களில்தான் இறங்குகிறதோ என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டரிடம் கேட்கத் தைரியம் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அந்தக் காலை பெய்த மழைக்குப் பெயர் மழை இல்லை, வானம் கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த பால் முந்தின நாள் சாயங்காலத்தோடு தீர்ந்துவிட்டது, காலையில் கட்டாயம் வேண்டும் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மனைவி விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்து, தையல் இழுக்க இழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த பால். பாட்டிலில் பாதிகூட இல்லை. "பாத்துப் போங்க மாமா. சிந்திப்போடாதீங்க" என்றாள்.

மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது.

இறங்கித் தள்ளினேன். பத்தடி தள்ளியிருப்பேன், இடது கால் மடங்கி வண்டியோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். பால் பையை மார்போடு அணைத்துக்கொண்டதால் அது தப்பித்தது. கை காட்டினேன். மழைக்கோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு யார் கை தெரியும்? பஸ் ஒன்று சேற்றுத் தண்ணீரை என் மேல் அடித்துவிட்டுப் போனது. நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே வண்டியைத் திட்டினேன். நாசமாப் போக, கட்டையில போக, எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும் அந்த இரும்புக்குச் சொன்னேன்.

திட்டிக்கொண்டே திரையில் வழிந்த தண்ணீரைத் துடைத்தபோதுதான் அதைப் பார்த்தேன். மூலையில் ஒரு சின்ன வட்டம் எரிந்துகொண்டிருந்தது. வண்டி நிற்கும்போதெல்லாம் அது எரியும். ஏதோ கோளாறு என்பதற்கான அடையாளம் என்று விட்டுவிட்டிருந்தேன். கோபத்தில் வலது பிரேக்கைப் பிடித்து விட்டேன். வட்டம் எரிந்தபடியே இருந்தது. இடது பிரேக் கம்பியைப் பெருவிரலால் வெளிப்பக்கம் தள்ளினேன். வட்டம் அணைந்தது. விரலை எடுத்தேன். மறுபடி எரிந்தது.

பிரேக் பிடிக்கும்போது மோட்டார் தள்ளக்கூடாது என்று பிரேக் கம்பிக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். கம்பி ஒரு நூல் அளவு அசைந்தால் போதும், சக்கரத்தில் பிரேக் பிடிப்பதற்கு முன்பே மோட்டார் நின்றுவிடும், திரையில் அந்த வட்டமும் எரியும். அந்த ஒரு நூல் அளவை அத்தையின் கயிறு இழுத்துப் பிடித்திருந்தது. காய்ந்திருக்கும்போது தொளதொளவென்று இருக்கும் கயிறு, இப்போது கம்பியை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தது. முறுக்கின பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். கருமத்தம்பட்டித் தறிக்குடோனில் சூப்பர்வைசராக இருக்கிறேன், நூலோடு பிறந்து நூலோடு வளர்ந்தவன் மாதிரி பேசுகிறேன், எனக்குத் தெரியாதா இது? அத்தை பயபக்தியோடு கட்டினார், பாய் மரியாதையோடு தொடாமல் விட்டார், நான் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டே ஊர் சுற்றினேன்.

அவிழ்த்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் கை போகவில்லை.

குழந்தை வீட்டுக்கு வரும் வரை அவிழ்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கட்டிய கயிறு. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயோடு கிடக்கிறது. சாமி இல்லை என்று டீக்கடையில் பேசிவிடலாம். அந்தப் பாலத்தில், அந்த மழையில், அந்தப் பாட்டிலை வைத்துக்கொண்டு பேச முடியவில்லை. விரலால் கம்பியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே ஓட்டலாமா என்று பார்த்தேன். நனைந்த கையில் நிற்கவில்லை. முடிச்சை நகத்தால் நெம்பினேன். கல்லாக இருந்தது. கடைசியில் வீட்டுச் சாவியால் அறுத்து, பாக்கியைப் பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் குங்குமமும் மழைத்தண்ணீரும். அறுந்த கயிற்றைத் தூக்கிப் போடவும் பயம். பால் பையின் கைப்பிடியில் சுற்றி முடிந்தேன். அறுக்கவில்லை, இடம்தான் மாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். அந்த ஏற்றத்தைக் கொட்டுகிற மழையில் நோகாமல் ஏறினேன்.

வார்டு வாசலில் சிஸ்டர் என்னைப் பார்த்ததும் பையை வாங்கவில்லை.

"விடிகாலையில இருந்து பாப்பாவுக்கு வயிறு உப்பியிருக்குங்க. பச்சையா வாந்தி எடுத்துச்சு. டாக்டர் பாலை நிறுத்திட்டாரு. இப்போதைக்கு டிரிப்ஸ் மட்டும்தான்."

"எப்பக் குடுப்பீங்க?"

"சொல்ல முடியாதுங்க. வயித்துல தொற்றா இருக்குமோன்னு பாக்கறாங்க."

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். வயிறு பளபளவென்று வீங்கியிருந்தது. விடிகாலையில் என்றால் நான் கயிற்றை அறுப்பதற்கு முன்பு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பையில் சுற்றியிருந்த கயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டேன். சிஸ்டர் பாட்டிலை எடுத்து ஃப்ரீசரில் வைத்தார். "கொண்டுவர்றதை நிறுத்திப்போடாதீங்க. வேண்டாம்னு தெரிஞ்சா பாப்பாவோட அம்மா எடுக்க மாட்டாங்க. எடுக்கலைன்னா பால் வத்திப்போகும். பொறகு பாப்பாவுக்கு வேணுங்கறப்ப இருக்காது" என்றார்.

வெளியே வந்தேன். போன் அடித்தது.

"குடிச்சாளா மாமா?"

"குடிச்சா கண்ணு. நல்லாக் குடிச்சா."

அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டு, "சாயங்காலம் இன்னும் கொஞ்சம் சேத்து எடுத்து வெக்கறேன், வாங்க" என்றாள். போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

வீட்டுக்குள் வண்டியை ஏற்றும்போதே அத்தை பார்த்துவிட்டார்.

"கயிறு எங்கீங்க மாப்ளே?"

பிரேக், ஸ்விட்ச், மழை என்று சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "கயிறு வண்டியை நிறுத்துமாங்க? என்னங்க பேசறீங்க? புள்ள உசுருக்கு வேண்டிக்கிட்டுக் கட்டுனதை அறுத்துப்போட்டு வந்து நிக்கறீங்களே!"

"அறுக்கலைன்னா பால் போய்ச் சேந்திருக்காதுங்க!" என்று கத்தினேன். அவரிடம் அதுவரை நான் குரலை உயர்த்தியதே இல்லை. கத்தும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, குழந்தையின் வயிறு உப்பியிருப்பதை இனி இந்த வீட்டில் சொல்லவே முடியாது. சொன்னால் கயிறுதான் காரணம் என்று ஆகிவிடும். அத்தை என்னைத் திட்டட்டும், அதில் ஒன்றுமில்லை. உள்ளே படுத்திருக்கிறவள் அதை நம்பிவிட்டால்?

அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "அம்மா, உடுங்க. பால் போய்ச் சேந்துச்சில்ல. அது போதும்."

அதன் பிறகு வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. மழையில் ஓடியது, வெயிலில் ஓடியது, சேற்றில் ஓடியது. நான் காலையும் சாயங்காலமும் யாரும் குடிக்காத பாலை எடுத்துக்கொண்டு நேரம் தவறாமல் போனேன். மேம்பாலத்தில் மோட்டார் முனகாமல் தள்ளும்போது, இப்போது எதற்கடா ஓடுகிறாய் என்று எரிச்சல் மண்டைக்கு ஏறும். சிஸ்டர் வாங்கி ஃப்ரீசரில் வைப்பார். நான் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். அப்புறம் போனை எடுத்து, குடிச்சா கண்ணு என்பேன். சில நாள் கொட்டாவி விட்டாள் என்றும், சில நாள் சிரித்தாள் என்றும் சேர்த்துக்கொள்வேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டாள். எவ்வளவு குடித்தாள், எடை என்ன, டாக்டர் என்ன சொன்னார் எதுவும் கேட்க மாட்டாள். மடப்பெண், நான் சொல்வதை எல்லாம் நம்புகிறாளே என்று நினைத்துக்கொள்வேன். பாட்டிலில் பால் மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

வயிறு மெல்ல வடிந்தது. பாலை மறுபடி தொடங்கலாம் என்று டாக்டர் சொன்ன அதே நாளில், தையல் ஆறிவிட்டது, தாய் உள்ளே வரலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்று மழை இல்லை, ஆட்டோ கிடைத்தது. வழியெல்லாம் உண்மையை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். சொல்வதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

சிஸ்டர் ஃப்ரீசரைத் திறந்தார். அத்தனை பாட்டில்களும் வரிசையாக, திறக்காமல், உறைந்து நின்றன. ஒன்றை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தார். மனைவி ஃப்ரீசரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"கண்ணு, அதாவது நானு..."

"தெரியுமுங்க."

"எப்ப?"

"அந்த மொதல் நாளே. உங்க குரல்லயே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

சிஸ்டர் மருந்து ஊசிக்குழாயில் சொட்டுப் பாலை ஊற்றி, குழந்தையின் குழாயில் பொருத்தி, உயரப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவள் கையில் கொடுத்தார். பால் குழாய்க்குள் இறங்குவதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"கேட்டா நீங்க நெசத்தைச் சொல்லிப்போடுவீங்க மாமா. நெசம் தெரிஞ்சா எனக்கு எப்படிங்க பால் வரும்?"